படித்தவரும் படைத்தவரும்

நாவலாசிரியர் ஒருவரை அழைத்து வாசகரோடு உரையாடச் செய்வது பொது நூல்நிலையங்களின் நெடுநாள் வழக்கம். 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவி நூல்நிலையக் கதவுகள் அடைபட்டபோது, அவ்வழக்கம் பல நாடுகளில் இணையவழியே தொடரலாயிற்று. ஆசிரியர் தம் வீட்டறையிலிருந்து பேச, வாசகர் தத்தம் இல்லங்களிலிருந்து கேட்டனர். வசதி பெரிதுதான், மறுப்பதற்கில்லை. ஆனால், கேட்க வந்தோருள் எத்தனை பேர் அந்நாவலைப் படித்திருந்தனர்? உரையாடலின் தரம் இவ்வொரு வினாவிலேயே தங்கியிருக்கிறது என்பது என் துணிபு.

இவ்வினாவைச் செயலில் எதிர்கொண்டவர் அமெரிக்காவின் சியாற்றில் நகர நூலகர் நான்சி பேர்ள் அம்மையார். ஊரார் எல்லோரும் ஒரே நூலைப் படித்தால் என்ன நிகழும் என்று எண்ணி, 1998இல் ஒரு முயற்சியைத் தொடங்கினார். அதற்கெனத் தெரிந்தெடுத்தது, ரசல் பாங்ஸ் எழுதி 1991இல் வெளிவந்த 'த சுவீற் ஹியராவ்ரர்' என்னும் நாவல். முதலில் வாசகர் படித்தனர். குழுக்களாகக் கூடி விவாதித்தனர். ஆசிரியர் வந்தது அதன் பின்னரே.

நூலின் தெரிவிலும் ஒரு நுட்பம் உண்டு. 1989இல் ரெக்சாஸ் மாநிலத்தில் நிகழ்ந்த பள்ளிக்கூட பஸ் விபத்தொன்று இந்நாவலுக்குத் தூண்டுகோலாயிற்று. ஆயினும் பாங்ஸ் தம் கதையை நியூயோர்க் மாநிலத்தின் வடபுறத்துப் பனிமலைச் சிற்றூருக்குக் கொண்டு செல்கிறார். அங்கே பதினான்கு பிள்ளைகள் மாண்டுபோகின்றனர். பஸ்ஸை ஓட்டிய டொலோரெஸ், தன் இரட்டைக் குழந்தைகளை இழந்த பில்லி, நட்டஈட்டு வழக்குத் தேடி நகரத்திலிருந்து வரும் சட்டத்தரணி, உயிர் தப்பியும் நடக்க முடியாது போன நிக்கோல் என்னும் மாணவி ஆகிய நால்வரும் தத்தம் வாயாலேயே கதையைச் சொல்கின்றனர். பஸ் மிக வேகமாகச் சென்றதென்று நிக்கோல் பொய்ச்சாட்சி சொல்ல, வழக்குச் சிதைகிறது. சாரதியின் தலையில் பழி விழுகிறது. ஊர் வழக்கிலிருந்து விடுபடுகிறது. அவள் செய்தது நீதியா, பழிவாங்கலா? பத்துப் பேர் படித்தால் பத்து விடை எழும். இத்தகைய விடைகளோடு வரும் வாசகர் முன் ஆசிரியரும் சற்று நிதானித்தே பேசவேண்டும்.

(2003இல் இந்த அம்மையாரின் உருவில் ஒரு விளையாட்டுப் பொம்மை விற்பனைக்கு வந்தது. உதட்டில் விரல் வைத்து 'சத்தமிடாதீர்' என்று காட்டும் பொம்மை அது! ஊரைப் பேசவைத்தவருக்குக் கிடைத்த சிலை இவ்விதம்.)

2001இல் சிக்காகோ நகரம் 'ரு கில் எ மொக்கிங்பேர்ட்' நாவலை எடுத்துக்கொண்டது. விழாக்களைத் தவிர்த்து வாழ்ந்த ஹாப்பர் லீ வரவில்லை; எழுத்தில் ஒரு செய்தி அனுப்பியதோடு சரி. அவர் வராமலே ஊர் அந்நூலைப் படித்துப் பேசிற்று. மறு ஆண்டு நியூயோர்க் நகரிலோ, எந்த நூலைத் தெரிவது என்பதிலேயே அமைப்பாளர் இரு கூறாயினர். இவ்வாறு கூட்டமாகப் படிப்பதையே விமர்சகர் ஹரல்ட் புளூம் வெறுத்தார். வாசிப்பு தனிமையின் கலை என்பது அவர் கொள்கை. அதில் உண்மை இருக்கிறது. எனினும், தனியே படித்ததைப் பிறரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதால் தனிமை கெட்டுவிடாது.

இணையவழி உரையாடல்களில் எனக்குள்ள குறை வேறு. எழுதியனுப்பிய வினாக்களைத் தலைமை வகிப்பவர் பொறுக்கி வாசிக்கிறார். 'இக்கதை உங்கள் வாழ்வில் நிகழ்ந்ததா?', 'எந்நேரத்தில் எழுதுவீர்கள்?' என்பவை தப்பாமல் இடம்பெறும். 'நிக்கோலை நீங்கள் மன்னித்தது எனக்கு உடன்பாடில்லை' என்று எழுந்து சொல்லும் வாசகருக்கு அங்கே இடம் அரிது. ஆசிரியர் திரையில் தோன்றுவதற்கு இரு வாரம் முன்னதாக, அவர் இல்லாமலே வாசகரை ஒருமுறை கூட்டிப் பேசவைத்தால் இக்குறை பெரிதும் நீங்கும். சியாற்றிலில் நடந்ததும் ஏறக்குறைய அதுவே.

ரசல் பாங்ஸ் 2023 ஜனவரியில் காலமானார். நிக்கோலைப் பற்றிய வழக்கை இனி வாசகர் தமக்குள்ளேயே பேசிக்கொள்ள வேண்டியதுதான்.