ஓடையில் கரைந்த செம்பு எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், கைவிடப்பட்ட கோல்டு கிங் சுரங்கத்தின் அடைப்பு 2015 ஆகஸ்ட் 5 அன்று உடைந்தது. ஒரு கோடி லிட்டருக்கும் மேலான அமிலநீர் பாய்ந்து, அனிமாஸ் ஆறே மஞ்சளாக ஓடியது. ஒரே நாளில் நடந்ததால் அது உலகச் செய்தியானது. ஆனால், அந்தச் சுரங்கத்தைச் சூழ்ந்த மலைகளில் சல்பைடு தாதுக்கள் காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து, ஓடைகளில் உலோகம் கலப்பது அன்றாடம் நடக்கிறது. மண்வெட்டியே படாத சரிவுகளிலும் நடக்கிறது. அப்படிக் கலந்த உலோகம் எந்தப் பாறையிலிருந்து, எந்த வழியாக வந்தது என்பதை அதன் அணுக்களின் எடையைக் கொண்டே துப்பறிய முடிகிறது.

இயற்கையில் கிடைக்கும் செம்பில் ஆயிரம் அணுக்களை எடுத்தால் சுமார் 692 செம்பு-63, மீதி செம்பு-65. பின்னதில் இரண்டு நியூட்ரான்கள் அதிகம். வேதிவினைகளில் இரண்டும் ஒன்றுபோலவே நடந்துகொள்ளும் என்று பள்ளியில் படித்திருப்போம். பிணைப்பு மாறும் கட்டத்தில் மட்டும் சிறு பேதம் தலைகாட்டும்.

சால்கோபைரைட் என்பது செம்பும் இரும்பும் கந்தகமும் சேர்ந்த, பித்தளை நிறத் தாது. ஆக்சிஜன் கலந்த நீர் அதன்மேல் படும்போது, மேற்பரப்பிலுள்ள செம்பு ஓர் எலக்ட்ரானை இழக்கிறது. கந்தகத்தை விட்டு நீரின் ஆக்சிஜனோடு இன்னும் வலுவாகப் பிணைகிறது. வலுவான பிணைப்பைக் கனமான அணுவே அதிகம் நாடும். அதனால் முதலில் கரைந்து வெளியேறும் செம்பு சற்றுக் கனமாகவும், தாதுவில் எஞ்சுவது சற்று இலேசாகவும் அமைகின்றன.

இவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைத் துல்லியமாக அளக்கும் முறை 1999இல் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்களால் வந்தது. பத்து ஆண்டுகள் கழித்து, அதே கொலராடோ மலைகளில் ஓடும் ரெட் மவுண்டன் கிரீக் ஓடையைப் பற்றிய ஆய்வு வெளியானது. அங்குள்ள தாதுவைவிட, ஓடைநீரின் செம்பில் 65-க்கும் 63-க்குமான விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் ஒன்றரைப் பங்கு கூடியிருந்தது. நுண்ணுயிர் இல்லாமல் சால்கோபைரைட்டை ஆய்வகத்தில் கரைத்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவு. இரும்பை ஆக்சிஜனேற்றும் பாக்டீரியாவைச் சேர்த்ததும் வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. கனமான செம்பு செல்களிலும் அவற்றைச் சுற்றிய படிவுகளிலும் தங்கிவிட்டது.

துத்தநாகத்தின் கதை வேறு. ஸ்பேலரைட் என்ற துத்தநாகத் தாதுவில் எந்த மின்னேற்ற நிலையில் இருக்கிறதோ, அதே நிலையில்தான் அது நீருக்கும் வருகிறது. எலக்ட்ரான் கைமாறாததால் ஐசோடோப்பு விகிதம், அதாவது கனமான அணுக்களுக்கும் இலேசான அணுக்களுக்குமான விகிதம், அநேகமாக மாறுவதில்லை. செம்பின் மாற்றத்தைவிட இந்த மாறாமையே அதிகப் பயனுள்ளது என்று எனக்குத் தோன்றுகிறது. மூலப்பாறை எது என்பதைத் துத்தநாகமும், சிதைவு எப்படி நடந்தது என்பதைச் செம்பும் சொல்லிவிடும். ஓடையின் போக்கில் படிவுகளில் ஒட்டும்போது துத்தநாகமும் கொஞ்சம் மாறக்கூடும். ஆகவே மாதிரியை ஊற்றுக்கு அருகிலேயே எடுக்க வேண்டும்.

சிலி நாட்டுச் செம்புச் சுரங்கப் பகுதிகளில் இதே அறிவு தாது தேட உதவுகிறது. மேலிருந்து கசிந்து இறங்கிய செம்பு, நிலத்தடி நீர்மட்டத்தை ஒட்டி, கனமான செம்பு கொண்ட சால்கோசைட் தாதுவாகப் படிகிறது. மேலே துருநிறத்தில் எஞ்சும் பாறையில் இலேசான செம்பு தென்பட்டால், துளையிடும் முன்பே கீழே செறிந்த தாது இருக்கலாம் என ஊகிக்கலாம்.

தாது முழுவதும் கரைந்து தீர்ந்தால் இந்த வேறுபாடும் மறைந்துவிடும்; உள்ளே இருந்த இலேசான அணுக்களும் வெளியே வந்துவிடும் அல்லவா? ஆகவே ஓர் ஓடையில் கனமான செம்பு ஓடுகிறதென்றால், பாறையில் கரைய வேண்டியது இன்னும் நிறைய பாக்கி இருக்கக்கூடும். அங்கே சுத்திகரிப்புக்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் நிதி ஒதுக்கிவிட்டுக் கைகழுவக் கூடாது.