வாள் பயிற்சியில் விரல்களைக் காக்கும் கையுறை: தேர்ந்தெடுப்பது எப்படி?

பழைய ஐரோப்பிய வாட்போர்க் கலையை அக்கால நூல்களிலிருந்து மீட்டுப் பயிலும் ‘ஹெமா’ பயிற்சிக்கூடங்கள் இன்று பல நாடுகளில் இயங்குகின்றன. 1400களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபியோரே டெய் லிபெரி எழுதிய சுவடியும், 1570இல் யோவாகிம் மேயர் அச்சிட்ட நூலும் இங்கே பாடப்புத்தகங்கள். இரண்டு கைகளாலும் பிடித்து வீசும் நெடுவாளையே பலரும் முதலில் கற்கிறார்கள். எதிரில் ஓர் ஆளை நிறுத்தி, அவரும் அடிக்க நாமும் அடிக்க, ‘ஸ்பாரிங்’ எனப்படும் மோதல் பயிற்சி தொடங்கும்போது முகமூடி, மெத்தை வைத்த சட்டை, கழுத்துக் காப்பு எல்லாவற்றையும் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். கையுறை என்று வரும்போது மட்டும் பலர் கையைச் சுருக்கிக்கொள்கிறார்கள்.

அந்தச் சிக்கனம் வேண்டாம். விரல் முறிந்தால் போவது பயிற்சி மட்டுமல்ல. சட்டைப் பித்தான் போடுவது, பேனா பிடிப்பது, வண்டி ஓட்டுவது, குழந்தையைத் தூக்குவது எல்லாமே வாரக்கணக்கில் நின்றுபோகும். சில முறிவுகள் சரியாகக் கூடாவிட்டால் விரல் பழையபடி மடங்கவே மடங்காது.

கை ஏன் முதலில் அடி வாங்குகிறது?

எதிராளிக்கு மிக அருகில் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு கைதான். தலையை எட்ட அவர் ஓர் அடி முன்னே வர வேண்டும். கையை எட்ட நின்ற இடமே போதும். நெடுவாளில் கைக்கு இருக்கும் காவலும் குறைவு. பிற்கால சேபர் வாளில் விரல்களை மூடும் வளைவு உண்டு. பல ரேப்பியர் வாள்களில் கிண்ணமே உண்டு. நெடுவாளின் கைப்பிடிக்கு மேலே இருப்பது ஒரு குறுக்குக் கம்பி மட்டுமே. எதிராளியின் வாள் நம் வாளில் சறுக்கிக்கொண்டு கீழே வந்தால் அது தடுக்கும். பக்கவாட்டிலிருந்தோ கீழிருந்தோ வரும் வீச்சுக்கு முன் விரல்கள் வெறுமையாகவே நிற்கின்றன.

வாளின் எடையையும் பாருங்கள். ஒலிம்பிக் ஃபென்சிங்கில் சேபர் வாள் 500 கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. மோதல் பயிற்சிக்கென்றே செய்யப்படும் ‘ஃபெடர்’ என்ற மழுங்கிய எஃகு நெடுவாள் ஏறத்தாழ 1.3 முதல் 1.6 கிலோ வரை இருக்கும். மூன்று மடங்கு எடை, இரண்டு கைகளின் விசை. டோக்கியோ ஒலிம்பிக்கில் களமிறங்கி, ஒலிம்பிக்கில் வாள் பிடித்த முதல் இந்தியர் ஆனவர் சென்னையின் பவானி தேவி. அவருடைய ஃபென்சிங் விளையாட்டுக்கான மெல்லிய கையுறையை அணிந்து ஃபெடர் அடியைத் தாங்கலாம் என்று நினைப்பது ஆபத்து.

விரல் எப்படி உடைகிறது?

ஒரு கையில் 27 எலும்புகள். அவற்றில் 14 விரல்களில் உள்ளவை. தொங்கும் கையில் அடிபட்டால் கை பின்வாங்கிக்கொள்ளும், விசையில் ஒரு பகுதி வீணாகும். வாளைப் பிடித்திருக்கும்போது அப்படி நடக்காது. விரலுக்கு மேலே எதிராளியின் வாள், கீழே நம் வாளின் கெட்டியான கைப்பிடி. அம்மிக்கும் குழவிக்கும் நடுவே சிக்கியதுபோல எலும்பு நசுங்குகிறது. அதனால்தான் பார்வைக்கு மெதுவான வீச்சுகூட விரல் நுனியை நொறுக்கிவிடுகிறது.

நல்ல கையுறை இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். வெளியே உள்ள கெட்டி ஓடு, மெல்லிய ஓரத்தில் குவிந்து வரும் விசையைப் பரப்பிவிட வேண்டும். உள்ளே உள்ள பஞ்சு, அந்த விசை எலும்பைச் சேரும் நேரத்தை நீட்டி அதன் உச்சத்தைக் குறைக்க வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. பஞ்சில்லாத வெறும் இரும்புக் கையுறை அடியை அப்படியே எலும்புக்குக் கடத்தும். ஓடில்லாத வெறும் பஞ்சு ஒரே கோட்டில் விழும் அடியில் அமுங்கிப்போகும். மிகச் சிறந்த வடிவமைப்புகளில் ஓடு விரலைத் தொடாமல் கூடுபோல நின்று, அடியை நேராக வாளின் கைப்பிடிக்கே தள்ளிவிடுகிறது.

வேறு விளையாட்டுக் கையுறைகள் போதுமா?

வீட்டில் கிரிக்கெட் பேட்டிங் கையுறை இருக்கும். அதையே போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். அதில் விரல்மேல் உருண்டை உருண்டையாகப் பஞ்சு வைத்திருக்கிறார்கள். பந்து பெரியது, இரண்டு உருண்டைகளின் மேல் ஒருசேர மோதி நின்றுவிடும். வாளின் ஓரம் சில மில்லிமீட்டர் அகலமே உள்ளது. உருண்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் நேராக இறங்கிவிடும். லக்ராஸ், ஐஸ் ஹாக்கி கையுறைகளிலும் இதே குறைதான். விரல் நுனிக்கும் கட்டைவிரலின் பக்கவாட்டுக்கும் அவற்றில் காவல் குறைவு. மோட்டார் சைக்கிள் கையுறை சாலையில் உராயும்போது தோலைக் காக்க உருவானது; விரலின் மேல் விழும் வெட்டை எண்ணிச் செய்யப்பட்டதல்ல. ஜப்பானிய வாட்பயிற்சியான கெண்டோவின் ‘கொதே’ கையுறை மூங்கில் வாளுக்கு ஏற்றது. எஃகு வாளுக்கு அல்ல.

உடையிலும் சில கையுறைகளிலும் அச்சிட்டிருக்கும் ‘350 நியூட்டன்’, ‘800 நியூட்டன்’ என்ற எண்களைப் பார்த்தும் ஏமாற வேண்டாம். துணியைக் குத்திக் கிழிக்க எவ்வளவு விசை தேவை என்பதையே அந்த எண் சொல்கிறது. மழுங்கிய வாள் எலும்பை நசுக்குவதை அது தடுக்குமா என்று சொல்வதில்லை.

எந்தப் பயிற்சிக்கு எந்த வகை?

• ஐந்து விரல் கையுறை: ஒவ்வொரு விரலும் தனித்தனியாக அசையும், பிடி இயல்பாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு விரலும் தன் அடியைத் தானே தாங்க வேண்டியிருக்கும்; மலிவான வகைகளில் விரல் இடுக்குகளில் காவலும் இருக்காது. மெதுவான இணைப் பயிற்சிக்கும் பஞ்சு வாளுக்கும் பெரும்பாலும் இவை போதும். முழு வேக மோதலுக்கு, அதற்கென்றே செய்த கனமான வகைகளை மட்டும் நம்புங்கள்.

• மூன்று விரல் கையுறை: கட்டைவிரல் தனி, மற்ற நான்கும் இரண்டிரண்டாக இரு கூடுகளில். காவலுக்கும் அசைவுக்கும் நடுவான தேர்வு.

• ஒற்றைக் கூடு: கட்டைவிரல் தவிர நான்கு விரல்களும் ஒரே ஓட்டுக்குள். நெடுவாள் மோதலுக்கும் போட்டிக்கும் பலர் நம்புவது இதையே. விரல்களைத் தனித்தனியாக நகர்த்த வேண்டிய ரேப்பியர் போன்ற ஒற்றைக்கை வாள்களுக்கு இது ஒத்துவராது.

நைலான் வாள்தானே என்று அலட்சியம் கூடாது. இரும்பு இல்லையென்றாலும் அதுவும் விரலை முறிக்கும்.

வாங்கும்முன் கையில் மாட்டிச் சோதியுங்கள்

வெறுங்கையை நீட்டிப் பார்த்துவிட்டுக் கையுறை வாங்காதீர்கள். வாளையோ அதே பருமனுள்ள கைப்பிடியையோ பிடித்த நிலையில்தான் பார்க்க வேண்டும். விரித்த கையில் முழுதாக மூடும் கையுறை, முஷ்டி மடங்கியதும் முன்னால் விலகி விரல் நுனியை வெளியே விட்டுவிடுவதுண்டு.

பிடித்த நிலையில் ஒவ்வொரு விரலின் நுனியையும் மற்றொரு கையின் பெருவிரலால் மேலிருந்தும் முன்னாலிருந்தும் அழுத்துங்கள். அழுத்தம் நகத்தில் தெரிந்தால் அடியும் அங்கே போய்ச் சேரும். அடுத்துக் கட்டைவிரல். வாளின் தட்டைப் பக்கத்தில் கட்டைவிரலை வைத்து வீசும் வெட்டுகள் நெடுவாளில் உண்டு. அந்நேரம் அது குறுக்குக் கம்பியைத் தாண்டி முன்னே நீளும். அப்படி நீட்டிய நிலையிலும் நுனி, மேற்புறம், வெளிப்பக்கம் மூன்றும் மூடியிருக்க வேண்டும். அதே நேரம் கட்டைவிரல் ஓடு குறுக்குக் கம்பியில் முட்டிப் பிடியைக் கெடுக்கவும் கூடாது.

பிறகு மணிக்கட்டை மேலும் கீழும் மடக்குங்கள். கையுறையின் வாய் முழங்கைப் பக்கம் சட்டையோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வேண்டும். எந்த நிலையிலும் தோல் தெரியக் கூடாது. கடைசியாக, இரு கைகளையும் கைப்பிடியில் வைத்துக் குறுக்கும் நெடுக்குமாகச் சில வீச்சுகள் வீசிப் பாருங்கள். கனமான கையுறைகள் இடம் பிடிக்கும். கைப்பிடி குட்டையாக இருந்தால் இரண்டும் மோதும்.

அளவு பெரிதானால் உள்ளே கை வழுக்கும். சிறிதானால் இரத்த ஓட்டம் தடைபட்டு விரல் மரத்துப்போகும். இரண்டிலும் நாம் அறியாமலே வாளை இறுக்கிப் பிடிக்கத் தொடங்குவோம். நாள்பட்ட இறுக்கமான பிடி முழங்கையின் வெளிப்பக்கத் தசைநாண்களில் வலியைக் கொண்டுவரும். கையுறை மாற்றியபின் முழங்கை வலித்தால் அளவை மறுபடி பாருங்கள்.

பராமரிப்பும் தோல் நலமும்

பயிற்சி முடிந்ததும் வியர்த்த கையுறையைப் பையில் அடைத்து வைப்பது பூஞ்சைத் தொற்றுக்குக் கதவு திறப்பதாகும். வாயை விரித்து, காற்றோட்டமான நிழலில் உலர்த்துங்கள். உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டுக்கொண்டு, அதை ஒவ்வொரு முறையும் துவையுங்கள். பயிற்சிக்கூடத்தின் பொதுக் கையுறையைப் போடும் புதியவர்களுக்கு இந்த உள்ளுறை கட்டாயம். குரோமியத்தால் பதனிட்ட தோலும் ரப்பரும் சிலருக்கு ஒவ்வாமை தரும். அரிப்பும் சிவப்பும் கையுறை படும் இடத்திலேயே வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

ஓட்டில் விரிசல், தளர்ந்த கயிறு, அமுங்கியபின் எழாத பஞ்சு, கிழிந்த உள்ளங்கை ஆகியவற்றை ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் தடவிப் பாருங்கள். விரிசல் விட்ட ஓட்டை டேப் சுற்றிப் பயன்படுத்தக் கூடாது.

அடிபட்டுவிட்டால் என்ன செய்வது?

உடனே நிறுத்துங்கள். வீக்கம் ஏறும் முன் கையுறையையும் மோதிரத்தையும் கழற்றுங்கள். மோதிரம் சிக்கினால் விரலுக்கே ஆபத்து. துணியில் சுற்றிய ஐஸை 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடியுங்கள். விரலை அசைக்க முடிகிறது, அதனால் எலும்பு உடையவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். முறிந்த விரலும் அசையும். சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி யாரும் இழுத்துவிட அனுமதிக்காதீர்கள்.

இவற்றில் ஏதாவது தெரிந்தால் எக்ஸ்-ரே கட்டாயம்:

• முஷ்டியை மடக்கும்போது ஒரு விரல் மற்றதன்மேல் ஏறிக் கோணலாகப் போவது.

• விரல் நுனி தொங்கி, தானாக நிமிராமல் இருப்பது. நிமிர்த்தும் தசைநாண் அறுந்திருக்கலாம். பெரும்பாலும் 6 முதல் 8 வாரம் இரவும் பகலும் நேராகக் கட்டு வைக்க வேண்டியிருக்கும்; இடையில் ஒரு முறை மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

• நகத்தடியில் இரத்தம் கட்டித் துடிக்கும் வலி.

• கட்டைவிரலை நிமிர்த்தும்போது அதன் அடியில், மணிக்கட்டில் விழும் குழியில் தொட்டால் வலி. அங்கே ‘ஸ்கேஃபாய்டு’ எலும்பு இருக்கிறது. அதன் முறிவு முதல் எக்ஸ்-ரேயில் தெரியாமலும் போகலாம். கவனிக்காமல் விட்டால் இரத்த ஓட்டம் நின்று எலும்பின் ஒரு பகுதி செத்துப்போகக்கூடும். வலி நீடித்தால் 10 முதல் 14 நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்வார்கள், தவறாமல் போங்கள்.

• மரத்துப்போதல், விரல் வெளிறுதல், எலும்பு வெளியே தெரியும் காயம். இவை அவசர சிகிச்சைக்கு உரியவை. தோல் கிழிந்திருந்தால் டெட்டனஸ் ஊசி பற்றியும் கேளுங்கள்.

கூடுதல் கவனம் யாருக்கு?

வளரும் பிள்ளைகளின் விரல் எலும்புகளில் வளர்ச்சித் தகடுகள் உண்டு. அங்கே அடிபட்டால் விரலின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். பெரியவர்களின் கையுறையைச் சிறுவர்களுக்கு மாட்டிவிடாதீர்கள். பஞ்சு வாளோடு நிறுத்துங்கள். எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள், இரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்கள், உணர்ச்சி குறைந்த சர்க்கரை நோயாளிகள் மருத்துவரிடம் கேட்டபிறகே மோதல் பயிற்சியில் இறங்க வேண்டும்.

கையுறைக்கு முன்பே தொடங்கும் பாதுகாப்பு

எவ்வளவு நல்ல கையுறையும் அடியைக் குறைக்குமே தவிர ஒழித்துவிடாது. கனமான கையுறை போட்டதும் இருவருக்கும் துணிச்சல் கூடி, வீச்சின் வேகமும் கூடிவிடுவது வழக்கம். தொடங்கும் முன்னரே எவ்வளவு வேகம் என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள். கைகளை முதலில் நீட்டாமல் வாளை முன்னே விட்டு, கையைக் குறுக்குக் கம்பியின் பின்னால் வைத்துப் பழகுங்கள். இருவரில் யாருடைய கையுறை மெலிதோ, அதற்கேற்பவே இருவரும் வீச வேண்டும்.

முழு வேகத்துக்கு ஏற்ற கையுறை வாங்க இப்போது வசதியில்லையா? பரவாயில்லை. கால் வைப்பு, தொலைவு கணிப்பது, மெதுவான இணைப் பயிற்சி, பஞ்சு வாள் மோதல் என்று கற்க எவ்வளவோ இருக்கிறது. பணம் சேரும்வரை அவற்றில் தேறுங்கள். பயிற்சியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தகுந்த கையுறை இல்லாத மாணவர் எவ்வளவு ஆசைப்பட்டாலும், எஃகு வாளோடு அவரைக் களத்தில் இறக்காதீர்கள். ‘இன்று வேண்டாம்’ என்று நீங்கள் சொல்லும் மறுப்பு அவருக்குப் பல மாத வலியை மிச்சப்படுத்தும்.