துப்புரவின் பின் இயங்க மறுக்கும் கணினி

வன்னி நிலத்தில் வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகக் காற்று, கிறவல் வீதிகளின் செம்புழுதியை வீடுகளுள் வாரிக் கொணரும் இயல்பினது. கணினியின் விசிறிகளோ, வெப்பந் தணித்தற்பொருட்டு அறைக் காற்றை இடையறாது உள்ளிழுப்பன. ஆதலின் சில மாதங்களிலேயே வெப்பங் கடத்தும் உலோகத் தகடுகளின் இடைவெளிகள் தூர்ந்துபோகின்றன. நவராத்திரிக்கு நூல்களையும் கருவிகளையும் துடைத்து வைக்கும் வழக்கமுடையோர் கணினிப் பெட்டியையும் அப்பொழுதே திறப்பர். துடைத்து மூடிய பின் அஃது உயிர்க்க மறுப்பதும், தாய்ப்பலகை எரிந்துவிட்டதென வீட்டார் கலங்குவதும் உண்டு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பிள்ளைகள் பலர் ஒரே கணினியை நம்பிப் படிக்கும் வீடுகளில் இக்கலக்கம் சிறிதன்று. புதிய பலகையின் விலை ஒரு குடும்பத்தின் மாத வருவாயை விழுங்கவல்லது.

துப்புரவுக்கு முன்னாள் வரை இயங்கிய கருவி பின் இயங்காதாயின், காரணம் பெரும்பாலும் அழிவன்று, அசைவே. கை பட்ட இடங்களையே முதலில் ஆராய்தல் வேண்டும். கோப்புகள் பற்றியும் அஞ்சவேண்டுவதில்லை. அவை வன்தட்டில் உறைவன, கணினி எழாமையால் அழிவன அல்ல.

நோய் இரு வகைப்படும். விசிறியும் சுழலாது விளக்கும் எரியாது கிடப்பது ஒன்று. விசிறி சுழன்றும் திரை இருண்டிருப்பது மற்றொன்று.

முன்னையதாயின் மின் வரும் வழியைச் சுவரிலிருந்து தொடர்க. சதுர முட் செருகியினுள் ஓர் உருகி உண்டு. அது அறுந்திருத்தல் கூடும். பெட்டியின் பின்புறத்தில், பவர் சப்ளை எனப்படும் மின்வழங்கியின் சிறு ஆளி துணி பட்டு அணைந்திருத்தலும் உண்டு. நகைப்புக்கிடமாயினும் இதனாலேயே பழுதகம் சென்று மீளும் கணினிகள் பல. அடுத்து மின்னிணைப்பை நீக்கி, பலகையிற் செருகப்படும் 24 முனை இணைப்பியை இறுக அழுத்துக. முகப்புப் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய இரு கம்பிகளையும் காண்க. இவை கழன்றிருப்பின் பொத்தானை எத்துணை முறை அழுத்தினும் பயனில்லை.

பின்னையதாயின் ஐயம் முதற்கண் நினைவகத் தகட்டின்மேற் செல்லும். அதனை எடுத்து, அதன் பொன்னிற விளிம்பை எழுத்தழிக்கும் றப்பரால் மெல்லத் தேய்த்து, இருபுறத் தாழும் ஒலியுடன் பூட்டும்வரை அழுத்துக. இரண்டு தகடுகள் இருப்பின் ஒவ்வொன்றாக இட்டுச் சோதித்தல் நன்று. செயலிக்கு மின் தரும் 4 அல்லது 8 முனை இணைப்பி கழன்றிருந்தாலும் விசிறி சுழலும், திரை எழாது. தனி வரைகலை அட்டையுள்ள கணினியில், திரையின் வடத்தைத் தாய்ப்பலகையின் துளையிற் செருகிவிடுதலும் அடிக்கடி நிகழும் பிழையாகும். நினைவகத்தை மாற்றியமைத்த பின் புதிய கணினிகள் சில, முதன்முறை எழச் சில நிமிடம் எடுக்கும். பொறுமையின்றி அணைத்தல் கூடாது. எழுந்து சில நொடிகளில் அணைவதாயின், செயலியின் மேலுள்ள குளிர்விப்பான் சரியாகப் பொருந்தாமையை ஐயுறுக.

குளிர்நாட்டு நூல்கள் நிலைமின்னைப் பெரிதும் அஞ்சும். வன்னியின் ஈரக்காற்றில் அவ்வச்சம் குறைவே. எனினும் அறவே இல்லையென்பதற்கில்லை. ஏறத்தாழ 3000 உவோற்றுக்குக் குறைந்த மின்னிறக்கத்தை மனித உடல் உணர்வதில்லை. நுண்சில்லுகளோ அதனிலும் மிகக் குறைந்த அழுத்தத்திற் கெடும். ஆதலின் பெட்டியின் வெறும் உலோகத்தைத் தொட்ட பின்னரே பலகையைத் தொடல் வேண்டும். ஈரத் துணி கேடு மிக்கது. கிணற்று நீரிற் கரைந்துள்ள உப்புகள் நீர் உலர்ந்த பின்னும் படிந்து நிற்கும். ஈரம் பட்டிருப்பின் முற்றாக உலருமுன் மின் கொடுத்தலாகாது. காற்றூதும்போது விசிறியை விரலாற் பிடித்துக்கொள்ளல் வேண்டும். தன்போக்கிற் சுழலும் விசிறி மின்பிறப்பாக்கியாய் மாறிப் பலகைக்குத் தீங்கு விளைத்தலும் கூடும்.

மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எவரும் திறத்தலாகாது. இலங்கையின் 230 உவோற்று ஆடலோட்டம் அதனுள் நேரோட்டமாகி, ஏறக்குறைய 325 உவோற்று அழுத்தத்திற் கொள்ளளவிகளில் தேங்கும். செருகியைக் கழற்றிய பின்னும் அது சிறிது நேரம் எஞ்சிநிற்கும். ஆளைக் கொல்லவும் வல்லது.

இவ்வளவும் செய்தும் எழாதாயின், அல்லது கருகிய நாற்றம் வீசுமாயின், கணினியைத் தொழில்வல்லாரிடம் கொண்டுசெல்லலாம். எதைக் கழற்றினர், எதைத் துடைத்தனர் என்பதை மறையாது கூறின் அவர் தேடும் நேரமும் வாங்கும் கூலியும் குறையும். வன்தட்டை வேறொரு கணினியில் இணைத்துக் கோப்புகளைப் படியெடுத்துத் தருமாறும் முதலிலேயே கேட்டுக்கொள்ளல் தகும்.