மலையைக் குடைந்த ரெயிலும் மலைக்குள் நுழைந்த கடலும்

ஒரு சின்ன ஊர். முன்னால் கடல். பின்னால் மலை. இடப்பக்கமும் மலை, வலப்பக்கமும் மலை. ஊரை விட்டு வெளியே போகவேண்டுமானால் படகில்தான் போகவேண்டும்.

இந்த ஊருக்கு முதன்முதலாகச் சாலை வந்த ஆண்டு எது தெரியுமா?

1988!

ஆம். ஏதோ ஏழை நாட்டுக் கதை அல்ல இது. பணக்கார நாடான நார்வேயில் உள்ள உன்ட்ரெடால் என்ற ஊரின் கதை. ஏறத்தாழ நூறு பேர்தான் அங்கே குடியிருக்கிறார்கள். ஆடுகள் அதைவிடப் பல மடங்கு அதிகம்.

அந்த ஊரைத் தொட்டபடி போகும் ஒரு பிரயாணம் இன்று உலகப் புகழ் பெற்றுவிட்டது. தலைநகரான ஆஸ்லோவில் காலையில் ரெயில் ஏறினால், மலை ரெயில், படகு, பஸ், மறுபடி ரெயில் என்று மாறி மாறி, இரவுக்குள் மேற்குக் கடற்கரையில் உள்ள பெர்கன் நகரத்துக்குப் போய்ச் சேரலாம். எல்லா நாட்டுக்காரர்களும் அந்தக் காட்சியைக் காண வருகிறார்கள்.

ஆனால் இந்த ரெயிலும் படகும் வேடிக்கை பார்ப்பதற்காக ஏற்பட்டவை அல்ல. மலைக்குள் அடைபட்டுக் கிடந்த மக்கள் வெளியே வருவதற்காக ஏற்பட்டவை. வாருங்கள், நாமும் அந்த வழியே போய்ப் பார்ப்போம்.

65 தென்னை மர ஆழம்

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வோம். "பியோர்டு" என்பது அந்தச் சொல். நாட்டுக்குள் நீளமாக நுழைந்து கிடக்கும் கடலுக்கு நார்வேக்காரர்கள் வைத்த பெயர் அது.

பார்ப்பதற்கு ஆறு போல இருக்கும். ஆனால் தண்ணீரை வாயில் வைத்தால் உப்புக் கரிக்கும். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பியது போல மலை நிற்கும்.

இது எப்படி உண்டாயிற்று? முன்னொரு காலத்தில் நார்வே நாடு முழுவதும் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தது. லேசான பனி அல்ல; ஆயிரம் மீட்டர், இரண்டாயிரம் மீட்டர் கனமான பனி. அந்தப் பனி மெல்ல மெல்லக் கடலை நோக்கி நகர்ந்தது. நகரும்போது அடியில் இருந்த பாறையை இழைப்புளி மரத்தை இழைப்பது போல இழைத்துக்கொண்டே போயிற்று. சுமார் 10 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பனி உருகிப் பின்வாங்கியது. அது தோண்டிவைத்த பள்ளத்தில் கடல் புகுந்துகொண்டது.

நார்வேயிலேயே மிக நீளமானது சோக்னே பியோர்டு. நீளம் 200 கிலோமீட்டருக்கு மேல். ஆழம் 1,300 மீட்டர். 20 மீட்டர் உயரமுள்ள தென்னை மரங்களை ஒன்றின் மேல் ஒன்றாக நிறுத்தினால், 65 மரங்கள் தண்ணீருக்குள் மறைந்துவிடும்!

வேடிக்கை என்னவென்றால், கடலைத் தொடும் வாசலில் இவ்வளவு ஆழம் இல்லை. உள்ளே வர வர ஆழம் கூடுகிறது. பனி உள்நாட்டில் கனமாக இருந்தது, கடல் ஓரத்தில் மெலிந்துவிட்டது. அதனால்தான் இப்படி.

சாலை இல்லாத ஸ்டேஷன்

ஆஸ்லோவில் புறப்பட்ட ரெயில் காடுகளையும் ஏரிகளையும் தாண்டி மேலே மேலே ஏறுகிறது. மரங்கள் குட்டையாகின்றன. பிறகு மரமே இல்லை. பின்சே என்ற ஸ்டேஷன் வருகிறது. உயரம் 1,222 மீட்டர். கோடை காலத்திலும் அங்கே வெள்ளைப் பனித் திட்டுகளைப் பார்க்கலாம்.

பின்சேவுக்கு இன்றும் மோட்டார் சாலை கிடையாது. அங்கே ஒரு மூட்டை அரிசி வேண்டுமானாலும் ரெயிலில்தான் வரவேண்டும்.

இந்த ரெயில் பாதை முழுவதும் திறக்கப்பட்டது 1909-ம் ஆண்டில். திறந்துவைத்தவர் நார்வே மன்னர் ஏழாம் ஹாகோன். 182 குகைப்பாதைகள் இந்தத் தடத்தில் உள்ளன. அவற்றில் கிராவ்ஹால்ஸ் என்ற குகைப்பாதை மட்டும் 5 கிலோமீட்டருக்கு மேல் நீளம். கடினமான பாறையைத் துளைத்து, வெடி வைத்து, வெளியே அள்ளிக் கொட்ட ஆண்டுக் கணக்கில் ஆயிற்று.

வேலை செய்தவர்களை "ரல்லார்" என்று அழைத்தார்கள். ஊர் ஊராகப் போய் ரெயில் பாதை போடும் கூலிகள் அவர்கள். பனிப் புயலில் குடிசை போட்டுத் தங்கினார்கள். அவர்களுக்குச் சாமான் எப்படி வந்தது? இங்கேதான் படகு வருகிறது. கடல் வழியாகப் படகில் பிளாம் என்ற ஊருக்குச் சாமான்கள் வந்து இறங்கும். அங்கிருந்து குதிரைகள் இழுத்துக்கொண்டு மலை ஏறும். குதிரை ஏறுவதற்காகச் செங்குத்தான சரிவில் 21 கொண்டை ஊசி வளைவுகளுடன் ஒரு பாதை போட்டார்கள். இன்று அந்தப் பாதையில் கோடை காலத்தில் சைக்கிள்காரர்கள் போகிறார்கள்.

ஒரு மீட்டருக்கு ஒரு மாதம்

மிர்டால் என்ற ஸ்டேஷனில் இறங்குகிறோம். உயரம் 866 மீட்டர். இங்கே வேறு ரெயில் காத்திருக்கிறது. அது நம்மைக் கடல் மட்டத்தில் உள்ள பிளாம் ஊருக்குக் கொண்டுபோகும். தூரம் 20 கிலோமீட்டர்தான். அதற்குள் 860 மீட்டருக்கு மேல் இறங்கவேண்டும்!

சில இடங்களில் 18 மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறக்கம். நம் ஊட்டி மலை ரெயிலுக்குச் செங்குத்தான பகுதியில் பல் சக்கரம் உண்டு. இந்த ரெயிலுக்கு அது கிடையாது. வழவழப்பான சாதாரணத் தண்டவாளத்திலேயே இறங்குகிறது, ஏறுகிறது. அதனால் இந்தத் தடத்துக்கென்று வண்டியில் 5 தனித்தனி பிரேக்குகள் வைத்தார்கள். ஒன்று கெட்டாலும் இன்னொன்று பிடிக்கும்.

1920-களில் தொடங்கிய வேலை இது. மொத்தம் 20 குகைப்பாதைகள். அவற்றில் 18-ஐ இயந்திரத் துளைப்பான் இல்லாமல் கையாலேயே குடைந்தார்கள். குகைக்குள் ஒரு மீட்டர் முன்னேற ஒரு மாத உழைப்பு ஆயிற்றாம். ரெயிலில் உட்கார்ந்து காபி குடிக்கிற நமக்கு அந்த ஒரு மீட்டர் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடுகிறது.

இன்னொரு அதிசயம். பள்ளத்தாக்கில் ஓடும் ஆற்றை ரெயில் பல முறை கடக்கிறது. ஆனால் ஒரு பாலம்கூட இல்லை! பாலம் கட்டுவதற்குப் பதிலாக, ஆற்றையே பாறைக்குள் குடைந்து தண்டவாளத்துக்கு அடியில் போகவிட்டார்கள்.

1940-ம் ஆண்டு ஏப்ரலில் ஜெர்மனி நார்வே மீது படையெடுத்தது. நாடு பகைவர் கையில் இருந்த அந்த ஆகஸ்டு மாதத்திலேயே இந்தத் தடத்தில் நீராவி எஞ்சின் ஓடத் தொடங்கியது. 1944-ல் மின்சார ரெயில் வந்தது. மின்சாரம் எங்கிருந்து? வழியிலேயே கொட்டும் கியோஸ் அருவியில் இருந்து!

அந்த அருவிக்கு எதிரே ரெயில் சில நிமிஷம் நிற்கிறது. பிரயாணிகள் இறங்கிப் பார்க்கிறார்கள். சாரல் முகத்தில் அடிக்கிறது. கோடையில் திடீரென்று பாட்டு கேட்கும். சிவப்பு உடை உடுத்திய ஒரு பெண் பாறை மேல் தோன்றி ஆடுவாள். "ஹுல்ட்ரா" என்னும் வனமோகினி வேஷம் அது. அழகான பெண், ஆனால் பின்னால் மாட்டு வால் உண்டு. ஆண்களை மயக்கி மலைக்குள் கொண்டுபோய்விடுவாள் என்பது அந்த நாட்டுப் பாட்டிமார் சொல்லும் கதை. ஆடுகிறவர்கள் நாட்டியம் படிக்கும் மாணவிகள். குழந்தைகளுக்கு இது பிடிக்கும். எனக்கு என்னவோ, அருவி ஒன்றே போதும் என்று தோன்றுகிறது.

சாலைகள் வந்த பிறகு இந்த ரெயிலுக்கு வருமானம் குறைந்தது. 1990-களில் மூடிவிடலாமா என்ற பேச்சுகூட எழுந்தது. 1998-ல் உள்ளூர் நிறுவனம் ஒன்று வியாபாரப் பொறுப்பை ஏற்றது. சுற்றுலாப் பிரயாணிகளால் ரெயில் பிழைத்தது.

ஏணியை இழுத்துக்கொண்ட விவசாயி

பிளாம் துறைமுகத்தில் படகு ஏறுகிறோம். கடல் முகத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருக்கிறோம். ஆனாலும் இது கடல்தான்.

படகு புறப்படுகிறது. சத்தம் இல்லை, புகை இல்லை. 2018 முதல் இங்கே மின்கலத்தில் ஓடும் படகு வந்துவிட்டது. 400 பேர் ஏறலாம்.

முதலில் சொன்ன உன்ட்ரெடால் ஊர் வருகிறது. கரையில் ஒரு சின்ன வெள்ளை மாதா கோவில் தெரிகிறது. மரத்தால் ஆனது. 12-ம் நூற்றாண்டில் கட்டியது. 40 பேர் உட்காரலாம். 1988 வரையில் இந்த ஊருக்குத் தபால் வந்தாலும் படகில், வைத்தியரிடம் போவதென்றாலும் படகில், மணப்பெண் வந்தாலும் படகில்.

இந்த ஊர் ஆட்டுப்பால் கட்டிக்குப் பேர் போனது. பாலைத் திரித்துக் கட்டியை எடுத்த பிறகு மிஞ்சும் தண்ணீரை நாம் கொட்டிவிடுவோம். அவர்கள் அதை மணிக்கணக்கில் காய்ச்சுகிறார்கள். அது சுண்டிச் சுண்டி, நம் திரட்டுப்பால் நிறத்துக்கு வருகிறது. தித்திப்பும் உப்புமாக இருக்கும். ரொட்டி மேல் சீவிப் போட்டுச் சாப்பிடுகிறார்கள்.

இதே பியோர்டில், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் ஒரு பண்ணை வீடு இருக்கிறது. பெயர் ஸ்டீகன். "ஏணி" என்று பொருள். வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு இடத்தில் ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும். வரி வசூலிக்க அதிகாரி வருகிறார் என்று தெரிந்தால், வீட்டுக்காரர் ஏணியை மேலே இழுத்துக்கொள்வாராம்! அதிகாரி கீழே நின்று பார்த்துவிட்டுத் திரும்பவேண்டியதுதான். ஊரில் இன்றும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

தபால்காரர் நடந்த பாதை

படகு இடதுபக்கம் திரும்புகிறது. நேரோய் பியோர்டு. 2005-ல் உலக பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இடம். மிகக் குறுகலான இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். இரு பக்கமும் மலைச் சுவர் 1,400 மீட்டர் வரை எழும்பி நிற்கிறது. குளிர்காலத்தில் வெயில் அடிமட்டத்துக்கு வருவதே அரிது.

கரையோரம் பழைய நடைபாதை ஒன்று தெரிகிறது. அதுதான் தபால் பாதை. ஆஸ்லோவுக்கும் பெர்கனுக்கும் இடையே 1647-ல் தபால் போக்குவரத்து தொடங்கியது. வழியில் உள்ள விவசாயிகள் தபால் பையை முறை வைத்துக் கைமாற்றினார்கள். பியோர்டில் படகில் கொண்டுபோவார்கள். குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்துவிட்டால் படகு போகாது. பனிக்கட்டி மேல் நடக்கவும் பயம். உடைந்தால் உயிர் போகும். அப்போது இந்தப் பாதைதான். மேலே பனிச்சரிவு, கீழே உறைந்த கடல், நடுவே தோளில் தபால் பையோடு ஒரு விவசாயி!

அந்தப் பையில் எத்தனை தாய்க்கு எத்தனை மகன் எழுதிய கடிதமோ.

அப்படிப்பட்ட இடத்தில் இப்போது வேறு தொல்லை. ராட்சத உல்லாசக் கப்பல்கள் இந்தப் பியோர்டுகளுக்குள் வருகின்றன. காற்று இல்லாத நாளில் கப்பல் புகை மலைகளுக்கு நடுவே போக வழியின்றித் தேங்கி நிற்கிறது. பாரம்பரியச் சின்னமான பியோர்டுகளில் புகை கக்கும் கப்பல்களுக்கு 2026-க்குள் முடிவு கட்டவேண்டும் என்று நார்வே நாடாளுமன்றம் 2018-ல் தீர்மானித்தது. பிறகு சட்டம் எழுதும்போது, சிறிய பிரயாணிக் கப்பல்களுக்கு மட்டும் 2026 என்று வைத்துக்கொண்டு, 10 ஆயிரம் டன்னும் அதற்கு மேலும் உள்ள பெரிய கப்பல்களுக்கு 2032 வரை தவணை கொடுத்துவிட்டார்கள். அதிகம் புகை விடுகிறவனுக்கு அதிகத் தவணை! இது என்ன நியாயம் என்று எனக்கு விளங்கவில்லை. அந்தக் கப்பல்களில் வருகிறவர்கள்தான் பிளாம் கடைகளில் பணம் செலவழிக்கிறவர்கள் என்பதையும் மறப்பதற்கில்லை. உள்ளூர் மக்களே இதில் இரண்டு மனமாக இருக்கிறார்கள்.

கடைசி ரெயில்

இரண்டு மணி நேரத்தில் குட்வாங்கன் துறை வந்துவிடுகிறது. பியோர்டு அங்கே முடிகிறது. பஸ்ஸில் ஏறி, ஒரு மணி நேரத்தில் வோஸ் என்ற ஊர். மறுபடியும் பழைய ரெயில் பாதை. இந்தப் பகுதி 1883-லேயே போடப்பட்டது. ஆஸ்லோவிலிருந்து வந்த பாதை இதோடு சேர 26 ஆண்டுகள் ஆயின.

ரெயில் தண்ணீர் ஓரமாகவே ஓடுகிறது. குகை, வெளிச்சம், குகை, வெளிச்சம். எதிர்க் கரையில் ஒரு சிவப்பு வீடு; அதன் கீழே கட்டிய ஒரு சின்னப் படகு.

பெர்கன் வந்து இறங்கும்போது அநேகமாக மழை தூறிக்கொண்டிருக்கும். ஆண்டில் 200 நாளுக்கு மேல் மழை பெய்யும் ஊர் அது. போகிறவர்கள் கையில் குடை இருக்கட்டும்.