விட்டுப்போன ‘தி’!

ஆங்கிலம் கற்கும் தமிழ் மாணவனுக்கு இரண்டு தொல்லைகள்.

ஒன்று, சொல் வரிசை. ‘இராமன் இராவணனைக் கொன்றான்’ என்றாலும், ‘இராவணனைக் கொன்றான் இராமன்’ என்றாலும், தமிழில் மாண்டவன் இராவணன்தான். ‘ஐ’ என்ற உருபு அங்கே காவல் நிற்கிறது. ஆங்கிலத்தில் அந்தக் காவல் கிடையாது. இரண்டு பெயர்களையும் இடம் மாற்றி வைத்தால் போதும். இராமனே மாண்டு போவான்!

மற்றொன்று, ‘எ’, ‘தி’ என்னும் பொடிச் சொற்கள். ‘தி’ என்பதற்குச் சரியான ஈடு தமிழில் இல்லை. ஆகவே மாணவன் அதை விட்டுவிடுகிறான். ஆசிரியர் சிவப்பு மையால் திருத்தினால், “இது இல்லாவிட்டால் என்ன, குடியா முழுகிவிடும்?” என்று முணுமுணுக்கிறான்.

அதற்குப் பதில் ஐ.நா. சபையின் ஏடுகளில் இருக்கிறது!

ஆறு நாள் போர்

1967 ஜூன் 5-ந் தேதி இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர் மூண்டது. ஆறே நாளில் முடிந்தது. எகிப்தின் சினாய், எகிப்து நிர்வகித்து வந்த காஸா, ஜோர்டான் வசம் இருந்த மேற்குக் கரை, கிழக்கு ஜெருசலேம், சிரியாவின் கோலான் குன்றுகள் ஆகியவை இஸ்ரேலின் கைக்குப் போயின.

அதே ஆண்டு நவம்பர் 22-ந் தேதி, பாதுகாப்பு சபை 242-வது தீர்மானத்தை நிறைவேற்றியது. 15 உறுப்பு நாடுகளும் ஏகமனதாக ஆதரித்தன. போரில் பிடித்த பகுதிகளிலிருந்து இஸ்ரேலியப் படைகள் வாபஸ் ஆகவேண்டும் என்பது அதில் ஓர் அம்சம்.

ஆனால் ஆங்கில வாசகத்தில், ‘பகுதிகள்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘தி’ இல்லை!

‘தி’ இருந்தால், பிடித்த பகுதிகள் முழுவதும் என்று பொருள்படும். அது இல்லாததால், முழுவதுமா, சிலவா என்பது சொல்லாமல் விடப்பட்டதாகிறது.

“எல்லாவற்றையும் விடவேண்டும் என்று எழுதியிருக்கவில்லையே!” என்றது இஸ்ரேல். “போரால் நிலம் சேர்ப்பது தகாது என்று தீர்மானத்தின் முகவுரையே சொல்கிறதே!” என்றன அரபு நாடுகள். பிரெஞ்சு வாசகத்தையும் அவர்கள் எடுத்துக் காட்டினார்கள். அதிலே, ‘தி’க்கு ஒப்பான சொல் ‘பகுதிகளுக்கு’ முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கிறது!

கை தவறியதா?

இல்லை. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பிரிட்டிஷ் பிரதிநிதி காரடன் பிரபு. அந்தச் சொல் வேண்டுமென்றேதான் விடப்பட்டது என்று அவரே பிற்பாடு சொன்னார். போருக்கு முன்பிருந்த எல்லைக்கோடு திருப்தியானதல்ல என்பது அவர் எண்ணம். ‘எல்லாம்’ என்று எழுதினால் ஒரு தரப்பு மறுக்கும். ‘சில’ என்று எழுதினால் மறு தரப்பு மறுக்கும். ஒன்றும் எழுதாமல் விட்ட இடத்தில், அவரவர் தமக்கு வேண்டிய பொருளை வைத்துக்கொண்டார்கள்.

அதன் அபாயத்தை உணர்ந்தவர்களும் அந்தச் சபையில் இருந்தார்கள். அப்போது இந்தியாவும் ஓர் உறுப்பு நாடு. அதன் பிரதிநிதி, முன்பு சென்னையில் பத்திரிகையாளராக இருந்த ஜி. பார்த்தசாரதி. வாக்கெடுப்புக்கு முன்பே அவர் பேசினார். பிடிக்கப்பட்ட எல்லாப் பகுதிகளிலிருந்தும் வாபஸ் என்றே இந்தியா இதைப் புரிந்துகொள்கிறது என்றார். ‘எல்லா’ என்பதை இரண்டாம் முறையும் அழுத்திச் சொன்னார்!

பேச்சு குறிப்பேட்டில் ஏறியது. தீர்மானத்தில் சொல் ஏறவில்லை.

சினாய், 1979-ம் ஆண்டு உடன்படிக்கையின்படி, 1982-ல் எகிப்துக்குத் திரும்பியது. மற்றப் பகுதிகளைப் பற்றிய வழக்கு அரை நூற்றாண்டு கடந்தும் தீரவில்லை.

ஒரு ‘தி’ இருந்திருந்தால் பகையே ஒழிந்திருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆனால், தீர்மானம் என்ன சொல்கிறது என்ற சண்டையாவது மிச்சமாகியிருக்கும்.

அடுத்த முறை ஆசிரியர் சிவப்பு மையால் ‘தி’ போட்டுத் திருத்தும்போது, மாணவன் முணுமுணுக்க வேண்டாம். அந்தப் பொடிச் சொல்லின் விலை அவருக்குத் தெரியும்!