முதுகில் ராடு வைத்த பிறகு

தென்னையிலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் வீட்டார் கேட்பது ஒரே கேள்விதான்: "ஆபரேஷன் பண்ணினா நடந்துருவாரா?" இதற்கான பதில் பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியிலேயே முடிவாகியிருக்கும். எலும்பு வேறு, அதற்குள் ஓடும் தண்டுவடம் வேறு. ஸ்குரூவும் ராடும் எலும்பை நிமிர்த்தி நிறுத்தும். நசுங்கிய தண்டுவடத்தை அவை தைத்துவிடாது. காலில் கொஞ்சமாவது அசைவோ உணர்வோ மிஞ்சியிருந்தால், அழுத்தும் எலும்புச் சில்லைச் சீக்கிரம் அகற்றுவது பலன் தரக்கூடும். எல்லாம் போய்விட்டவருக்கு ஆபரேஷனின் நோக்கமே வேறு: படுக்கையோடு கிடக்காமல் சீக்கிரம் உட்காரவைப்பது. நரம்புப் பாதிப்பை 'ஏ' முதல் 'இ' வரை தரம் பிரிப்பார்கள். ஆபரேஷனுக்கு முன்பே அந்தத் தரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள்.

நரம்பு தப்பி, எலும்பு மட்டும் நொறுங்கியிருந்தால் ஆபரேஷன் தேவைதானா என்றே கேட்கலாம். அமெரிக்காவில் கிர்காம் வுட் குழுவினர், மார்பு முதுகும் இடுப்பு முதுகும் சேருமிடத்தில் நிலையான முறிவு கண்ட 47 பேரை ஆபரேஷன், பெல்ட் என்று இரு பிரிவாக்கி 2003இல் முடிவை வெளியிட்டனர். 16 முதல் 22 ஆண்டுகள் கழித்து மறுபடி பார்த்தபோது, ஆபரேஷன் செய்யாதவர்களுக்கே வலி குறைவு, நடமாட்டம் மேல். இது சின்ன ஆய்வுதான். 2006இல் வந்த நெதர்லாந்து ஆய்வு ஆபரேஷன் பக்கம் சாய்ந்தது. நிலையற்ற முறிவுக்கு இந்தக் கணக்கு பொருந்தவும் பொருந்தாது. ஆனாலும் வேறு வழி உண்டா என்று கேட்பது டாக்டரை அவமதிப்பதல்ல. சிகிச்சையின் தன்மை, மாற்று வழி, ஆபத்து மூன்றையும் சொல்லித்தான் சம்மதம் வாங்கவேண்டும் என்று சமீரா கோலி வழக்கில் 2008இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

வருஷங்கள் போகப்போக ஸ்குரூ தளரலாம், உடையலாம். ராடு வைத்த இடத்துக்கு மேலும் கீழும் எலும்புகளுக்கு இடையில் உள்ள தட்டுகள் தேயலாம். கால் விளங்காதவருக்கு இதைவிடப் பெரிய எதிரிகள் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். படுத்திருக்கையில் இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியிலும். காலையில் கைக்கண்ணாடி வைத்துப் பிட்டத்தைப் பார்க்க வேண்டும். அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் அந்தப் பக்கம் உட்காரவே கூடாது. மூத்திரப்பை நிரம்பி வழியும்வரை விட்டால் கிட்னியில் போய் நிற்கும். நேரம் பார்த்துக் குழாய் விட்டு எடுக்கும் முறையை டிஸ்சார்ஜுக்கு முன்பே வீட்டாரும் பழகிவிட வேண்டும். பல லட்சம் கொடுத்து ராடு வைத்த வீட்டில் இதைச் சொல்லித்தர ஆளில்லாமல் போவது பெரிய அநியாயம்.

வீட்டுக்குக் கிளம்பும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் படங்கள், உள்ளே வைத்த பொருளின் ஸ்டிக்கர் நகல் மூன்றையும் வாங்கிவையுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தரவேண்டும் என்பது 2002 மருத்துவக் கவுன்சில் விதி. சிகிச்சையில் குறையிருந்தால் இரண்டு ஆண்டுக்குள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.

40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனம் என்று சான்று கிடைத்தால் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் சலுகைகள் உண்டு. வேலையில் விழுந்தவர் தொழிலாளர் இழப்பீட்டை இரண்டு ஆண்டுக்குள் கோரலாம். சாலை விபத்தென்றால் ஆறு மாதத்துக்குள் தீர்ப்பாயத்தில் மனு போட்டுவிடுங்கள். ஆனால் கைக்கு வரும் முதல் தொகைக்கு 'சமரசம்' என்று கையெழுத்துப் போட அவசரப்படாதீர்கள். உடல் ஊனத்தின் சதவீதமும் சம்பாதிக்கும் திறனில் ஏற்பட்ட இழப்பின் சதவீதமும் ஒன்றல்ல என்று ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 45 சதவீதச் சான்று வைத்திருக்கும் கொத்தனாருக்குக் குனிந்து செங்கல் எடுக்க முடியாதென்றால், தொழிலைப் பொறுத்தவரை இழப்பு நூறாகவும் இருக்கலாம். ராடைக் கழற்றும் செலவு, பிசியோதெரபி, உதவியாள் கூலி ஆகியவற்றையும் வருங்கால மருத்துவச் செலவாக மனுவிலேயே எழுதச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.