இருபத்தெட்டுக் கடலை

போன ஐப்பசியில் என் வீட்டுக்காரருக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தபோது பொட்டாசியம் 5.8. ஐந்துக்குள் இருக்க வேண்டியது. இ.ஜி.எஃப்.ஆர். 34, அதாவது சிறுநீரகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்கிறது. அன்று கையில் கொடுத்த தாளில், 'கொட்டை வகைகள் கூடவே கூடாது' என்று ஒற்றை வரி. அவர் கோவில்பட்டியில் பிறந்தவர். சாயங்காலம் நாலு கடலை வாயில் போடாமல் அவருக்குப் பொழுது போகாது. டப்பாவைத் தூக்கிப் பரணில் வைத்தேன். மறுமாதமும் 5.6.

அப்புறம் வேறொரு டயட்டீஷியன் அம்மாவிடம் போனோம். "தாளை விடுங்கம்மா, வீட்ல தினமும் என்னென்ன சேர்க்கிறீங்க, அதைச் சொல்லுங்க" என்றார். பிரஷருக்கு நல்லதென்று மகன் வாங்கி வந்த லோ சோடியம் உப்பு என்றதுமே கையைக் காட்டி நிறுத்தினார். சோடியத்தைக் குறைத்த இடத்தில் அதில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்க்கிறார்கள். அது போக, சூட்டுக்கென்று தினமும் ஒரு டம்ளர் இளநீர். அதில் மட்டும் 400 மில்லிகிராமுக்கு மேல். 15 கிராம் வேர்க்கடலையில் சுமார் 100தான். ஆசையாகத் தின்றதைப் பறித்துவிட்டு, ஆகாததை என் கையாலேயே ஊற்றிக் கொடுத்திருக்கிறேன். நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது.

பாஸ்பரஸ் பயமும் இருந்தது. கடலையிலும் பாதாமிலும் உள்ள பாஸ்பரஸ் பெரும்பாலும் பைட்டேட்டாகக் கட்டுண்டு கிடப்பது. அதைப் பிரித்தெடுக்க நம் குடலால் அவ்வளவாக முடியாது. கோலாவிலும் பாக்கெட் சீஸிலும் சேர்க்கிற பாஸ்பேட் அப்படியல்ல, பெரும்பகுதி ரத்தத்தில் ஏறிவிடும்.

கொட்டைகளில் பிஸ்தாவில் பொட்டாசியம் கூடுதல், வால்நட்டில் குறைவு. ஆக்சலேட் கல் வந்தவர்கள் பாதாமையும் முந்திரியையும் டாக்டரைக் கேட்டே தொட வேண்டும்.

அந்த டயட்டீஷியன் அம்மா சரியென்ற 15 கிராமைத் தராசில் நிறுத்து எண்ணினேன்: 28 பருப்பு. உப்புப் போடாமல் வாணலியில் வறுத்து, தோலை ஊதிவிட்டுச் சின்னக் கிண்ணத்தில் வைக்கிறேன். கடலைச் சட்னி அரைத்த நாளில் கிண்ணம் கிடையாது. பேத்தி பிரெட்டில் தடவும் பீனட் பட்டரும் கடலைதானே. இரண்டு டேபிள்ஸ்பூன் வழித்தால் 30 கிராமைத் தாண்டிவிடும், 7 கிராம் புரதம். உப்புச் சேர்க்காததா என்று லேபிளைப் பார்த்து, அவருக்கு இரண்டு டீஸ்பூனோடு மூடிவிடுவேன். கடலை மிட்டாய்க்கு வெல்லமும் கணக்கில் வரும். ஊர்ப் பக்கம் போனால் ஒரு துண்டு.

இது அவர் ரிப்போர்ட்டுக்கான அளவு. பொட்டாசியம் இறங்காதவருக்கு இதுவே அதிகமாகலாம். டயாலிசிஸில் இருப்பவருக்குப் புரதம் கூடுதலாக வேண்டும், அந்தக் கணக்கே வேறு.

உப்பை மாற்றி, இளநீரை நிறுத்தியபின் இந்த மாதம் 4.7. கிண்ணத்தை அவர் அப்படியே வாயில் கொட்டுவதில்லை. திண்ணையில் உட்கார்ந்து, ஒவ்வொரு பருப்பையும் இரண்டாகப் பிளந்து, மூக்கைக் கிள்ளி எறிந்துவிட்டு, பாதி பாதியாகத் தின்கிறார். ஏழு மணிச் செய்தி வரைக்கும் வருகிறது.